கிளினிக் குளிசையும் கடைக் குளிசையும்: ஜெனரிக் மருந்து பற்றிய ஓர் எளிய விளக்கம்

வன்னியில் நீரிழிவோ இரத்த அழுத்தமோ உள்ள ஒருவர் வாழும் வீட்டில் மருந்துப் பெட்டியைத் திறந்து பார்த்தால், பெரும்பாலும் இரண்டு வகைக் குளிசைகள் இருக்கும். ஒரு வகை கிளிநொச்சியிலோ மாஞ்சோலையிலோ மல்லாவியிலோ உள்ள அரச வைத்தியசாலையின் மாதாந்தக் கிளினிக்கில் இலவசமாகக் கிடைத்தது; சிறிய உறையொன்றில், மருந்தின் பெயரும் எத்தனை வேளை என்பதும் பேனையால் எழுதப்பட்டிருக்கும். மற்ற வகை, தனியார் மருத்துவரிடம் காட்டிவிட்டு நகரத்துப் பாமசியில் வாங்கியது. பளபளக்கும் அட்டையில், பெரிய எழுத்தில் ஒரு கொம்பனிப் பெயரோடு இருக்கும். முதலாவதை நம்பாமல், இரண்டாவதைக் கடன்பட்டாவது வாங்கிப் போடுகின்ற பழக்கம் நம்மிடையே பரவலாக உண்டு. அந்த இரண்டிலும் இருப்பது ஒரே மருந்தாக இருக்கக்கூடும் என்பதையும், அதை நாமே எவ்வாறு கண்டறியலாம் என்பதையும், எந்த இடங்களில் விலையை மட்டும் பார்த்து மருந்தை மாற்றக் கூடாது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

ஒரு மருந்துக்கு எத்தனை பெயர்கள்

ஒவ்வொரு மருந்துக்கும் வேதியியலாளர்கள் பயன்படுத்தும் நீண்ட இரசாயனப் பெயர் ஒன்று உண்டு. அது நோயாளிக்குத் தேவைப்படுவதில்லை. நமக்கு வேண்டியவை மற்ற இரண்டு பெயர்கள். ஒன்று, உலகம் முழுவதற்கும் பொதுவான பெயர். இதைத்தான் ஜெனரிக் பெயர் என்றும் பொதுப்பெயர் என்றும் அழைக்கிறார்கள். எந்த நாட்டில் எந்த மொழி பேசப்பட்டாலும் மருந்து ஒரே பெயரால் அறியப்பட வேண்டும் என்பதற்காக, உலக சுகாதார நிறுவனம் இப்பொதுப்பெயர்களைத் தெரிவுசெய்து 1953ஆம் ஆண்டு முதல் வெளியிட்டு வருகிறது. மற்றது, தயாரிக்கும் நிறுவனம் தன் விற்பனைக்காக வைத்துக்கொள்ளும் வர்த்தகப் பெயர். பொதுப்பெயர் யாருக்கும் சொந்தமில்லாதது. வர்த்தகப் பெயர் ஒரு நிறுவனத்தின் சொத்து.

நம் எல்லோருக்கும் தெரிந்த பனடோலை எடுத்துக்கொள்வோம். பனடோல் என்பது வர்த்தகப் பெயர். உள்ளே இருக்கும் மருந்தின் பொதுப்பெயர் பரசிற்றமோல். கிளினிக்கில் தரப்படும் பெயரில்லாத வெள்ளைக் குளிசையிலும் அதே 500 மில்லிகிராம் பரசிற்றமோல்தான் இருக்கிறது. அதேபோல் குளுக்கோபேஜ் என்பது மெற்போமின், கோசார் என்பது லொசாட்டன், லிப்பிற்றோர் என்பது அற்றோவஸ்ரற்றின், வென்ரோலின் என்பது சல்பியூற்றமோல், வோல்ற்றரன் என்பது டைக்குளோபினாக்.

பொதுப்பெயர்களில் இன்னொரு வசதியும் இருக்கிறது. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மருந்துகளின் பெயர்கள் பெரும்பாலும் ஒரே விதமாக முடியும். 'சாட்டன்' என்று முடிபவையும் 'பிறில்' என்று முடிபவையும் இரத்த அழுத்தத்துக்கு உரியவை. 'ஸ்ரற்றின்' என்று முடிபவை கொலஸ்ரோலுக்கு உரியவை. 'பிரசோல்' என்று முடிபவை வயிற்றில் அமிலம் சுரப்பதைக் குறைப்பவை. 'சிலின்' என்று முடிபவை பெனிசிலின் வகை நுண்ணுயிர்க்கொல்லிகள். இந்த முடிவுகள் சிலவற்றை நினைவில் வைத்திருப்பவருக்கு, புதிதாக எழுதப்பட்ட ஒரு மருந்து என்ன வகையானது என்பது ஓரளவு விளங்கிவிடும். பளபளப்பான வர்த்தகப் பெயர்கள் இந்த உதவியைச் செய்வதில்லை.

விலை ஏன் குறைகிறது

மலிவானது என்றால் மருந்தின் அளவைக் குறைத்திருப்பார்கள் என்றோ, மட்டமான பொருளைச் சேர்த்திருப்பார்கள் என்றோ பலர் நினைக்கிறார்கள். விலை வேறுபாட்டின் உண்மையான காரணம் அதுவன்று. ஒரு புதிய மருந்தைக் கண்டுபிடித்து, விலங்குகளிலும் பின்னர் ஆயிரக்கணக்கான நோயாளிகளிலும் சோதித்து, சந்தைக்குக் கொண்டுவருவதற்குப் பெருந்தொகைப் பணமும் பல ஆண்டுகளும் செலவாகின்றன. அதற்கு ஈடாகக் கண்டுபிடித்த நிறுவனத்துக்கு ஆக்கவுரிமை வழங்கப்படுகிறது. விண்ணப்பித்த நாளிலிருந்து பொதுவாக 20 ஆண்டுகளுக்கு வேறெவரும் அந்த மருந்தைத் தயாரித்து விற்க முடியாது. போட்டியில்லாத அந்தக் காலத்தில் நிறுவனம் தான் விரும்பிய விலையை வைக்கலாம். ஆக்கவுரிமை முடிந்ததும் பிற நிறுவனங்கள் அதே மருந்தைத் தயாரிக்கத் தொடங்குகின்றன. அவை புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. தங்கள் குளிசை மூல மருந்துக்குச் சமமாக வேலை செய்கிறது என்று நிறுவினால் போதும். தயாரிப்பாளர்கள் பெருகப் பெருக விலை இறங்குகிறது. உலகிலேயே மிக அதிகமாக விற்பனையான மருந்துகளில் ஒன்றாக இருந்த லிப்பிற்றோருக்கு அமெரிக்காவில் 2011 நவம்பரில் இதுதான் நடந்தது. மெற்போமினோ 1957ஆம் ஆண்டிலேயே பிரான்சில் நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்ட பழைய மருந்து. நம் கிளினிக்குகளில் வழங்கப்படும் மருந்துகளில் மிகப் பெரும்பாலானவை இப்படி ஆக்கவுரிமைக் காலத்தை எப்போதோ கடந்துவிட்டவை.

இதன் பொருள் ஒரு குடும்பத்துக்கு என்ன என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விலைகள் அடிக்கடி மாறுவதால், விளக்கத்துக்காக மட்டும் ஒரு குளிசையின் ஜெனரிக் வடிவம் 5 ரூபா என்றும் வர்த்தகப் பெயருடையது 30 ரூபா என்றும் வைத்துக்கொள்வோம். நாளுக்கு இரண்டு குளிசை வீதம் மாதத்துக்கு 60 குளிசை. ஒன்றில் 300 ரூபா செலவாகும், மற்றதில் 1,800 ரூபா. ஓராண்டில் இந்த வேறுபாடு 18,000 ரூபா. இது ஒரு மருந்துக்கு மட்டும். நீரிழிவு, இரத்த அழுத்தம், கொலஸ்ரோல் ஆகிய மூன்றும் ஒருங்கே உள்ளவர் நான்கைந்து வகைக் குளிசைகளை வாழ்நாள் முழுவதும் எடுக்க வேண்டியிருக்கிறது. காலபோக அறுவடை முடிந்து கையில் காசு வரும்வரை நாட்கூலியில் நாளை ஓட்டும் குடும்பத்தில், இந்தச் செலவைத் தாங்க முடியாமல் முதலில் நடப்பது குளிசையை ஒன்றுவிட்ட ஒருநாள் போடுவதுதான். அப்படி விட்டுவிட்டுப் போடும் விலையுயர்ந்த மருந்தைவிட, தவறாமல் ஒவ்வொரு நாளும் போடும் மலிவான மருந்து இரத்த அழுத்தத்தை மிக நன்றாகக் கட்டுப்படுத்தும். நுண்ணுயிர்க்கொல்லிகளிலும் இதே நிலைதான்: ஏழு நாளுக்கு எழுதப்பட்டதைப் பணமில்லாமல் மூன்று நாளுக்கு வாங்கி நிறுத்துவதைவிட, ஜெனரிக் வடிவில் ஏழு நாளுக்கும் வாங்கிவிடுவது எவ்வளவோ மேல்.

உண்மையிலேயே சமமா

இதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. கேட்க வேண்டிய கேள்வியும்கூட. ஒரு குளிசையில் நோயைக் குணப்படுத்தும் மருந்து மட்டும் இருப்பதில்லை. அதைக் குளிசையாகத் திரட்டி வைக்க மாப்பொருள், பாற்சீனியாகிய லக்ரோசு, நிறமூட்டி, மேற்பூச்சு எனத் துணைப்பொருட்கள் பல சேர்க்கப்படுகின்றன. ஜெனரிக் குளிசையின் நிறமும் வடிவமும் சுவையும் வேறாக இருப்பதற்குக் காரணம் இந்தத் துணைப்பொருட்களே. உள்ளே இருக்கும் செயற்படு மருந்தும், அதன் மில்லிகிராம் அளவும், உட்கொள்ளும் முறையும் ஒன்றாகவே இருக்க வேண்டும். யூரியாப் பையின் வெளியே எந்தக் கொம்பனியின் படம் இருந்தாலும் உள்ளே 46 சதவீதம் நைதரசன் இருந்தால் பயிர் அதை ஒரேவிதமாகத்தான் எடுத்துக்கொள்ளும் என்பது வன்னி விவசாயிக்குத் தெரியும். மருந்திலும் உடல் பார்ப்பது உள்ளே இருக்கும் பொருளையே.

ஆனால் குளிசை விடயத்தில் ஒரு படி கூடுதலாக உண்டு. மருந்து உள்ளே இருந்தால் மட்டும் போதாது. குளிசை வயிற்றில் உரிய வேகத்தில் கரைந்து, மருந்து இரத்தத்தில் உரிய அளவில் சேரவும் வேண்டும். இதைச் சோதிப்பதற்கு உடல்நலமுள்ள தொண்டர்களை, பெரும்பாலும் இரண்டு மூன்று டசின் பேரைத் தெரிந்து, ஒருமுறை மூல மருந்தையும் இன்னொருமுறை ஜெனரிக் மருந்தையும் கொடுத்து, பல மணித்தியாலங்களுக்கு அவர்களின் இரத்தத்தில் மருந்தின் அளவை அளந்து பார்க்கிறார்கள். இரண்டு அளவுகளுக்கும் இடையிலான விகிதம், புள்ளியியற் பிழைக்கு இடம்விட்டுக் கணித்த எல்லைகள் முழுவதும், 80 முதல் 125 சதவீதத்துக்குள் அடங்கினால்தான் இரண்டும் சமம் என்று ஏற்கப்படுகிறது. இந்த எண்களைக் கேட்டு, ஜெனரிக் குளிசையில் ஐந்தில் ஒரு பங்கு மருந்து குறைவாக இருக்கலாம் என்று சிலர் விளங்கிக்கொள்கிறார்கள். அது பிழையான விளக்கம். குளிசையில் உள்ள மருந்தின் அளவுக்குத் தனியான, இதைவிடக் குறுகிய எல்லை இருக்கிறது. மேலே சொன்ன எல்லை இரத்தத்தில் சேரும் அளவைப் பற்றியது. உண்மையில் சராசரி வேறுபாடு மிகச் சிறியது. அமெரிக்காவின் மருந்து ஒழுங்குபடுத்தும் நிறுவனம் 1996 முதல் 2007 வரை தான் ஏற்றுக்கொண்ட 2,070 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இரத்தத்தில் சேரும் மொத்த அளவில் மூல மருந்துக்கும் ஜெனரிக்குக்கும் இடையே சராசரியாக ஏறத்தாழ 3.5 சதவீத வேறுபாடே காணப்பட்டது. ஒரே நிறுவனத்தின் இரண்டு வெவ்வேறு உற்பத்தித் தொகுதிகளுக்கு இடையிலும் சிறு வேறுபாடு இருக்கக்கூடும் என்பதை இங்கே மறந்துவிடக் கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும், "எனக்குக் கொம்பனிக் குளிசை போட்டால்தான் கேட்கும்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. விலை உயர்ந்தது என்ற நம்பிக்கையே வலியைக் குறைக்கும் வல்லமை கொண்டது. 2008இல் அமெரிக்காவில் 82 தொண்டர்களிடம் ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. எல்லோருக்கும் மருந்தே இல்லாத வெறுங்குளிசைதான் கொடுக்கப்பட்டது. ஒரு பகுதியினரிடம் அதன் விலை 2.50 டொலர் என்றும், மறு பகுதியினரிடம் 10 சதம் என்றும் கூறப்பட்டது. கூடிய விலை என்று நம்பியவர்களில் 85 சதவீதத்தினரும், குறைந்த விலை என்று நம்பியவர்களில் 61 சதவீதத்தினரும் தங்கள் வலி குறைந்ததாகத் தெரிவித்தனர். ஆனால் இரத்தத்தில் உள்ள சீனியும் கொலஸ்ரோலும் விலையைக் கேட்டு இறங்குவதில்லை. மருந்து மாறியபின் ஐயம் எழுந்தால், உடல் சொல்வதாகத் தோன்றுவதை மட்டும் நம்பாமல், இரத்த அழுத்தத்தை அளந்து பார்ப்பதும் இரத்தத்தைச் சோதித்துப் பார்ப்பதுமே சரியான வழி.

இலங்கையில் இதற்கு ஒரு வரலாறு உண்டு

ஜெனரிக் மருந்து என்பது அண்மையில் வெளியிலிருந்து வந்த கருத்தென்று எண்ண வேண்டாம். மருந்தியற் பேராசிரியர் சேனக பிபிலேயும் மருத்துவரும் அரசியல்வாதியுமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் 1971இல் அளித்த அறிக்கையின் வழியே, இந்நாடு மருந்துகளைப் பொதுப்பெயரில் மொத்தமாக இறக்குமதி செய்யும் கொள்கையை நடைமுறைப்படுத்தியது. அதற்காக அமைக்கப்பட்ட அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராகப் பிபிலே பணியாற்றினார். தேவையற்ற பல்வேறு வர்த்தகப் பெயர்களைக் களைந்து, மருந்துப் பட்டியலைச் சுருக்கி, தரமானதைக் குறைந்த விலைக்குக் கேள்விப்பத்திரம் மூலம் வாங்குவதே அவரது வழிமுறை. அவர் 1977இல் கயானாவில் காலமானார். உலக சுகாதார நிறுவனம் தனது முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டதும் அதே ஆண்டிலாகும். ஏழை நாடொன்றில் மருந்து எப்படி எல்லோரையும் சென்றடையலாம் என்று சிந்தித்த அந்த மனிதரை நாம் இன்னும் அதிகமாக அறிந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அந்தக் கூட்டுத்தாபனத்தின் விற்பனை நிலையங்களே ஒசுசல. அங்கே பொதுப்பெயரில் மருந்து கிடைக்கும். 1987இல் யப்பானிய உதவியோடு இரத்மலானையில் தொடங்கப்பட்ட அரச மருந்து உற்பத்திக் கூட்டுத்தாபனம் பரசிற்றமோல், மெற்போமின் போன்ற குளிசைகளை உள்நாட்டிலேயே தயாரிக்கிறது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை உருவானது. 2016 ஒக்ரோபரில் 48 மருந்துகளுக்கு உச்ச சில்லறை விலை நிர்ணயிக்கப்பட்டது. பின்னர் 2022 நெருக்கடியில் ரூபாவின் பெறுமதி வீழ்ந்தபோது விலைகள் உயர்த்தப்பட்டன. அந்த நெருக்கடியில் கிளினிக்குகளில் மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டு, "வெளியிலே வாங்குங்கோ" என்று துண்டு எழுதிக் கொடுக்கப்பட்ட காலத்தில்தான் விலையின் சுமையை நம் மக்கள் முழுமையாக உணர்ந்தார்கள்.

தரம் குறித்த அச்சத்துக்கும் நியாயம் இருக்கிறது. 2023இல் இம்யூனோகுளோபுலின் என்ற நோயெதிர்ப்புப் புரத ஊசிமருந்து தரமற்றதாக அரச வைத்தியசாலைகளுக்கு வந்து சேர்ந்த விவகாரம் நாடு முழுவதையும் உலுக்கியது. அத்தகைய நிகழ்வு கொள்முதலிலும் கண்காணிப்பிலும் உள்ள ஓட்டையைக் காட்டுகிறது. வர்த்தகப் பெயர் இல்லாததால் நேர்ந்த ஒன்றல்ல அது. போலி மருந்து தயாரிப்பவர்கள் விலையுயர்ந்த பெயர்களையும் விட்டுவைப்பதில்லை. எனவே பாதுகாப்பு என்பது பெயரின் புகழில் இல்லை. பதிவுசெய்யப்பட்ட மருந்தைத் தகுதிபெற்ற மருந்தாளர் உள்ள பாமசியில் வாங்குவதில் இருக்கிறது.

பாமசியில் என்ன கேட்க வேண்டும்

கடையில் உள்ள மருந்துகளை மூன்று வகையாகப் பிரித்துப் பார்க்கலாம். முதலில் கண்டுபிடித்த நிறுவனத்தின் மூல மருந்து. இதன் விலை பெரும்பாலும் மிக அதிகம். அடுத்து, ஆக்கவுரிமை முடிந்தபின் இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேசம் முதலிய நாடுகளின் நிறுவனங்களும் உள்நாட்டு நிறுவனங்களும் தயாரித்து, ஆளுக்கொரு வர்த்தகப் பெயர் சூட்டியவை. கடைசியாக, பொதுப்பெயரை மட்டும் தாங்கியவை. நடுவில் உள்ள வகையைப் பலர் மூல மருந்தென்று தவறாக எண்ணுகிறார்கள். அவையும் ஜெனரிக்கே, புதிய பெயர் மட்டும் வைக்கப்பட்டுள்ளது. இந்த நடுவகைக்குள்ளேயே ஒன்றுக்கொன்று பெரிய விலை வேறுபாடு இருப்பதால், "ஜெனரிக் இருக்கோ" என்று மட்டும் கேட்பதைவிட, "தம்பி, இதே மருந்து, இதே மில்லிகிராம், விலை குறைஞ்ச கொம்பனியிலை எது இருக்கு?" என்று கேட்பது கூடிய பயன் தரும். மருத்துவரிடம் இருக்கும்போதே, "டொக்டர், இதின்ரை ஜெனரிக் பெயரை எழுதித் தாறீங்களோ, வாங்க வசதியாய் இருக்கும்" என்று கேட்டுவிட்டால் இன்னும் நல்லது. இதைக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நோயாளியால் வாங்க முடியாத மருந்தை எழுதுவதால் பயனில்லை என்பதை மருத்துவர்களும் அறிவார்கள்.

அட்டையைக் கையில் எடுத்ததும் பெரிய எழுத்தை விட்டு, அதன் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் பொதுப்பெயரைப் பார்க்க வேண்டும். அதனுடன் மில்லிகிராம் அளவு, காலாவதித் திகதி, தொகுதி எண் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். பல பாமசிகளில் பத்துக் குளிசை வேண்டாம், ஐந்து போதும் என்றால் அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டித் தருவார்கள். பெயரும் திகதியும் மற்றப் பாதியோடு போய்விடும். அப்போது அவற்றை உறையின்மேல் எழுதித் தரும்படி தயங்காமல் கேட்கலாம். விலையை மருந்து வாங்கியபின் கேட்பதைவிட, வெட்டுவதற்கு முன் கேட்பது நல்லது. ஒட்டுசுட்டானிலிருந்தோ துணுக்காயிலிருந்தோ பஸ் ஏறி வருபவர்கள், வீடு திரும்பியபின் மாற்றிக்கொள்ள முடியாது.

மருந்துத் துண்டில் எழுதப்பட்டதற்குப் பதிலாக வேறொன்றைத் தரும்போது நான்கு விடயங்கள் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள்: பொதுப்பெயர், அளவு, வடிவம், மருந்து வெளிப்படும் விதம். கடைசியானதை விளக்க வேண்டும். சில குளிசைகள் உடனே கரைபவை. வேறு சில, நாள் முழுவதும் மெதுவாக மருந்தை வெளிவிடும்படி செய்யப்பட்டவை. பின்னவற்றின் பெயருக்குப் பின்னால் எஸ்ஆர், எக்ஸ்ஆர், எல்ஏ போன்ற எழுத்துகள் இருக்கும். ஒன்றுக்குப் பதில் மற்றதை அதே கணக்கில் போட்டால் மருந்து ஒரேயடியாக உடலில் சேரவோ, நேரத்துக்குப் போதாமற் போகவோ கூடும். மெற்றோப்பிரலோல் என்ற இதய மருந்து இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அது ராற்றரேற்று, சக்சினேற்று என இரண்டு உப்பு வடிவங்களில் வருகிறது. பொதுவாக முன்னது உடனே கரைவது, பின்னது மெதுவாக வெளிப்படுவது. பெயரின் முதற்பகுதி ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்றென்று கொள்ளக் கூடாது.

ஒமெப்பிரசோலுக்குப் பதிலாக எசொமெப்பிரசோல், செற்றிரிசினுக்குப் பதிலாக லெவோசெற்றிரிசின் என்று வருபவை வேறு கதை. இவை பழைய மருந்தின் மூலக்கூறிலிருந்து பிரித்தெடுத்த நெருங்கிய உறவுகள். ஆனாலும் வேறு மருந்துகள். பாமசியில் இவற்றை ஒன்றுக்கொன்று மாற்றுவது ஜெனரிக் மாற்றமாகாது. புதியதை எழுதும் மருத்துவரிடம், பழையதே தனக்குப் போதுமா என்று நோயாளி கேட்கலாம். பல வேளைகளில் போதும் என்ற பதிலே கிடைக்கும்.

மாற்றக் கூடாத இடங்கள்

சில மருந்துகளில் போதிய அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே உள்ள இடைவெளி மிகச் சிறியது. வலிப்புக்கான பெனிற்றோயின், கார்பமசப்பின், இரத்தம் உறையாமல் காக்கும் வோபரின், இதயத்துக்கான டிஜொக்சின், மனநோய்க்கான லித்தியம், தைரொயிட் குறைபாட்டுக்கான தைரொக்சின், சிறுநீரக மாற்றுச் சிகிச்சை பெற்றவர்கள் எடுக்கும் சைக்குளோஸ்போரின் ஆகியவை இத்தகையவை. இவற்றில் ஜெனரிக் கூடாது என்பதில்லை. பலருக்கும் தொடக்கத்திலிருந்தே ஜெனரிக்தான் கொடுக்கப்படுகிறது. ஒரு தயாரிப்பில் நிலைபெற்றவர் அதிலேயே தொடர்வதுதான் முக்கியம். தவிர்க்க முடியாமல் மாற்ற நேர்ந்தால் மருத்துவருக்கு அறிவித்து, வோபரின் எடுப்பவர் இரத்த உறைவுச் சோதனையையும், தைரொக்சின் எடுப்பவர் சில வாரங்களின் பின் தைரொயிட் சோதனையையும் செய்துகொள்ள வேண்டும். வலிப்பு அடங்கிப் பல ஆண்டுகளாக நன்றாக இருக்கும் ஒருவருக்கு, சில ரூபாக்களை மிச்சம்பிடிப்பதற்காக மாதத்துக்கொரு கொம்பனியை மாற்றிக்கொண்டிருப்பது சிறிதும் தகாது.

முட்டு நோய்க்கான உறிஞ்சு கருவிகளிலும் கவனம் தேவை. உள்ளே இருக்கும் சல்பியூற்றமோல் ஒன்றாக இருந்தாலும், கருவி மாறினால் இழுக்கும் முறை மாறுகிறது. புதிய கருவியை எப்படிப் பாவிப்பதென்று மருந்தாளரிடம் செய்துகாட்டச் சொல்லிப் பார்த்த பிறகே வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டும். இன்சுலின் உயிருள்ள கலங்களிலிருந்து பெறப்படுவதால் அதற்குரிய விதிகளும் வேறு. அதை மருத்துவரின் சொல் இல்லாமல் மாற்றவே வேண்டாம்.

இரண்டு பெயரில் ஒரே மருந்தை இரட்டிப்பாகப் போடுதல்

பொதுப்பெயரை அறிந்துகொள்வது பணத்தை மட்டுமன்றி உயிரையும் காக்கும் என்பதை இங்கே வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். கிளினிக்கில் லொசாட்டன் எடுக்கும் ஒருவர், தலைச்சுற்றுக்காகத் தனியார் மருத்துவரிடம் போகிறார். கிளினிக் கொப்பியைக் கொண்டுபோவதில்லை. அங்கே வேறு வர்த்தகப் பெயரில் மீண்டும் லொசாட்டன் எழுதப்படுகிறது. இரண்டும் வேறுவேறு நிறம், வேறுவேறு பெயர் என்பதால் அவர் இரண்டையும் போடுகிறார். இரத்த அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கி விழுந்துவிடுகிறார். நீரிழிவுக் குளிசைகள் சிலவற்றில் இதே தவறு நேர்ந்தால் சீனி இறங்கி மயக்கம் வரலாம்.

வலிநிவாரணிகள் இன்னும் ஆபத்தானவை. வயலில் குனிந்து நின்று வேலை செய்து இடுப்பு வலியோடு வருபவர், ஒரு பாமசியில் ஒரு பெயரிலும் இன்னொரு பாமசியில் இன்னொரு பெயரிலும் டைக்குளோபினாக் வாங்கிப் போடுவது வழக்கமாக நடப்பதுதான். அது வயிற்றில் புண்ணை உண்டாக்கும்; வெயிலில் நீரிழந்த உடலில் சிறுநீரகத்தையும் பாதிக்கும். காரணம் தெளிவாகத் தெரியாத சிறுநீரக நோய் வவுனியா மாவட்டத்திலும் காணப்படும் நிலையில், இதை இலேசாக எடுத்துக்கொள்ள முடியாது. பரசிற்றமோலும் தடிமனுக்கான பல கூட்டு மருந்துகளுக்குள் ஒளிந்திருக்கிறது. வளர்ந்த ஒருவர் ஒரு நாளில் எல்லா வழியாகவும் சேர்த்து 4 கிராமுக்கு மேல், அதாவது 500 மில்லிகிராம் குளிசை எட்டுக்கு மேல், எடுக்கக் கூடாது. உடல் நிறை குறைந்தவர்களுக்கும் ஈரல் பாதிப்புள்ளவர்களுக்கும் அந்த எல்லை இன்னும் குறைவு.

ஆகவே எந்த மருத்துவரிடம் போனாலும் கிளினிக் கொப்பியைக் கொண்டுபோவதையும், வீட்டில் உள்ள எல்லாக் குளிசைகளின் பொதுப்பெயர்களையும் ஒரு தாளில் எழுதி அந்தக் கொப்பிக்குள் வைத்திருப்பதையும் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். வாசிக்கத் தெரியாத முதியவர்களுக்கு, வீட்டிலுள்ள பாடசாலைப் பிள்ளைகள் இதைச் செய்து கொடுக்கலாம்.

வீட்டுக்கு வந்த பின்

உறையில் கட்டிக் கொடுக்கப்படும் கிளினிக் குளிசை சில மாதங்களில் நிறம் மாறுவதையோ பொடிவதையோ பார்த்துவிட்டு, அது தரமற்றது என்று முடிவுகட்டுபவர்கள் உண்டு. பெரும்பாலும் குற்றம் வெப்பத்தினதும் ஈரத்தினதுமே. பல மருந்துகள் 30 பாகை செல்சியசுக்கு மேற்படாத இடத்தில் வைக்கப்பட வேண்டியவை. தகரக் கூரை போட்ட வீட்டில் சிறுபோகக் கால நண்பகலில் வெப்பம் அதைத் தாண்டிவிடும். மாரியிலோ காற்றின் ஈரம் காகித உறைக்குள் புகுந்துவிடும். அடுப்படியிலும் சுவாமி அறை விளக்கின் அருகிலும் வைக்காமல், வீட்டின் மிகக் குளிர்ந்த, வெயில்படாத மூலையில், இறுக மூடக்கூடிய உலர்ந்த போத்தலில் உறையோடு சேர்த்தே வைப்பது நல்லது. உறையைக் கழற்றி வீசினால் பெயரும் அதனோடு போய்விடும். வெவ்வேறு குளிசைகளை ஒரே போத்தலில் கலந்து போட வேண்டாம்.

ஒவ்வொரு மாதமும் கிளினிக்கில் குளிசையின் நிறமோ வடிவமோ மாறியிருந்தால், முதலில் உறையில் எழுதிய பெயரைப் பழைய உறையின் பெயரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெயரும் அளவும் ஒன்றாக இருந்தால் தயாரிப்பாளர் மட்டுமே மாறியிருக்கிறார். பெயர் வேறாக இருந்தால், வரிசையை விட்டு விலகுவதற்கு முன்பே மருந்து வழங்கும் யன்னலில் கேட்டுவிடுங்கள். புதிய குளிசைக்குப் பின் தோலில் தடிப்பு, மூச்சுத் திணறல் போன்றவை வந்தால் அதை நிறுத்தி உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். துணைப்பொருள் ஒன்றுக்கு ஒவ்வாமை இருப்பது அரிதாயினும் நடக்கக்கூடியதே. அப்போது மீதிக் குளிசைகளை எறிந்துவிடாமல், உறையையும் அட்டையையும் தொகுதி எண்ணோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். அந்த எண் இருந்தால்தான் அதே தொகுதி வேறு யாருக்கெல்லாம் வழங்கப்பட்டது என்று வைத்தியசாலை மருந்தாளரால் தேடிப் பார்த்து, ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைக்கு முறையிட முடியும்.